டொங்கிளை வீஎம்முக்குள் பூட்டி நெட்டை வெளியே விடுவது: இரண்டு வருடப் பாவனைக்குப் பிறகு

கல்முனையிலிருந்து கூட்டாளி ஒருவர் கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது. “பொக்கெட் ரவுட்டர் இப்ப மலிஞ்சு போச்சு மச்சான். நீ இன்னும் டொங்கிள வீஎம்முக்குள்ள பூட்டித்தானா நெட் பாவிக்காய்?” ஓம், அப்படித்தான். டொங்கிள் என்றால் சிம் போட்டு யூஎஸ்பியில் குத்துகிற குட்டி மோடம், வீஎம் என்றால் கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி. கரண்ட் போய் வந்து, டொங்கிளோடு மல்லுக்கட்டிய கையோடு எழுதுகிறேன். சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேர்ச்சுவல்பொக்ஸ் அந்த வீஎம்மை ஓட்டுகிற மென்பொருள், அதற்கு மேல் விளக்கப் போவதில்லை. வழமையில் கணினியின் நெட்டை வீஎம் வாங்கிப் பாவிக்கும். இங்கே தலைகீழ். டொங்கிளை யூஎஸ்பி வழியாக வீஎம்மிடமே ஒப்படைக்கிறோம், உள்ளே ஓடும் டெபியன் (லினக்ஸ் வகை ஒன்று) அந்த நெட்டை வெளியே இருக்கிற விண்டோஸுக்குப் பங்கிடுகிறது. ஏன் இந்தச் சுற்றுவழி? விண்டோஸ் நினைத்த நேரத்தில் அப்டேட் இறக்கி டேட்டாவைத் தின்னாமல் இருக்க, எவ்வளவு எங்கே போனது என்று கணக்கு வைக்க. விபிஎன்னை (நெட்டை மறைத்து வேறொரு சர்வர் வழியாக விடும் இணைப்பு) வீஎம்முக்குள் போட்டு, அதன் வழியாகக் கணினியை வெளியே விடுகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

பங்கிடுகிற பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீஎம்முக்கு 512 எம்பி ரம், ஒரு ப்ரொசெசர், 8 ஜிபி டிஸ்க், டெஸ்க்டொப் இல்லாத டெபியன் 12. 4 ஜிபி ரம் உள்ள பழைய லப்டொப்பும் இதைத் தாங்கும். நெட்வேர்க் அடப்டர் ஒன்றே ஒன்று, அது ஹொஸ்ட்-ஒன்லி, அதாவது விண்டோஸுக்கும் வீஎம்முக்கும் இடையில் மட்டும் ஓடுவது. விண்டோஸ் பக்கம் அதற்கு 192.168.56.1 ஏற்கெனவே கொடுபட்டிருக்கும். டெபியன் பக்கம் 192.168.56.2 என்று கையால் எழுதி, கேட்வே (நெட்டுக்கு வெளியேறும் வாசல்) வரியை எழுதாமல் விடுங்கள். டெபியனுக்குரிய கேட்வே டொங்கிளிலிருந்து தானாக வரும். விண்டோஸில் கேட்வே 192.168.56.2, டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்கித் தரும் சேவை) 1.1.1.1. வேர்ச்சுவல்பொக்ஸின் டிஎச்சிபியை நிறுத்திவிடலாம், அது இயல்பில் முகவரி கொடுக்குமே தவிர கேட்வே சொல்லாது. கடைசியாக டெபியனில் ஐபி ஃபோர்வர்டிங்கை (ஒரு பக்கம் வந்த பொதியை மறுபக்கம் கடத்துவது) 1 ஆக்கி, டொங்கிள் பக்கமாக வெளியேறுகிற எல்லாவற்றுக்கும் லினக்ஸின் ஃபயர்வோலான என்எஃப்டேபிள்ஸில் மாஸ்கரேட் என்று ஒரு வரி, அதாவது பொதியின் அனுப்புநர் முகவரியை டெபியனின் முகவரியாக மாற்றுவது. மாஸ்கரேட் இல்லாமல் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. டொங்கிளுக்குள் இருக்கும் குட்டி ரவுட்டருக்கு 192.168.56 என்றொரு வலையமைப்பு இருப்பதே தெரியாது, திரும்பி வரும் பொதியை எங்கே அனுப்பு என்று அதற்குச் சொல்லிவைக்க இடமும் இல்லை. ஆகாது.

பலர் விடுகிற பிழை, டெபியனை நிறுவும்போது வைத்த நாட் அடப்டரை (விண்டோஸின் நெட்டை வீஎம்முக்குக் கொடுப்பது) கழற்றாமல் விடுவது. வீஎம் நெட்டுக்கு விண்டோஸைக் கேட்கும், விண்டோஸ் வீஎம்மைக் கேட்கும், இரண்டும் ஒன்றின் வாலை மற்றது கடித்துக்கொண்டு சுற்றும். நிறுவி, தேவையான மென்பொருள்களை இறக்கி முடிந்ததும் அந்த அடப்டரை எடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டு வைஃபையும் விண்டோஸில் பொருந்தியிருந்தால், ஹொஸ்ட்-ஒன்லி அடப்டரின் மெட்ரிக்கை (எண் சிறிதானால் அந்த வழிக்கு முன்னுரிமை) 10 என்று கையால் போடுங்கள். தானாக விட்டால் எது முந்தும் என்று நிச்சயமில்லை. அந்த வைஃபையில் ஐபிவி6 திறந்து கிடந்தால், அது வீஎம்மைத் திரும்பியும் பாராமல் நேரே வெளியேறிவிடும். விபிஎன் போடுகிறவர்களுக்கு ஒன்று: வயர்கார்ட் என்ற விபிஎன்னின் எம்டியூ (ஒரு பொதியின் உச்ச அளவு) வழமையில் 1420. என்எஃப்டேபிள்ஸில் எம்எஸ்எஸ்ஸை (பொதிக்குள் போகும் டேட்டாவின் உச்ச அளவு) அதற்கேற்பக் குறைக்காவிட்டால் சில தளங்கள் திறக்கும், சில சுற்றிக்கொண்டே நிற்கும், பழி மட்டும் சிக்னல்மேல் விழும்.

இனி டொங்கிள். கோபமெல்லாம் இதற்குத்தான்.

ஹுவாவே இ3372 ஹைலிங்க் வகையை எடுங்கள். குத்தியதும் அது மோடமாக வராது, சீடி ட்ரைவ் வேஷத்தில் வரும். அப்போது அதன் அடையாள எண் 12டி1, 1எஃப்01. டெபியனில் யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் நிறுவியிருந்தால் அது ஒரு தட்டுத் தட்டும். உடனே டொங்கிள் தன்னைத்தானே கழற்றிக்கொண்டு, 12டி1, 14டிசி என்று வேறு எண்ணோடு ஈதர்நெட் அட்டையாக மறுகா வந்து நிற்கும். ஒரே சாமான், இரண்டு முகம். வேர்ச்சுவல்பொக்ஸில் யூஎஸ்பி ஃபில்டர் (எந்தச் சாமான் வீஎம்முக்குப் போகவேண்டும் என்ற விதி) சேர்க்கும்போது, அந்த நேரத்தில் தெரிகிற முகத்தின் எல்லா எண்களையும் அதுவே நிரப்பித் தரும். அதை அப்படியே வைத்தால் முதல் முகம் வீஎம்முக்கு, இரண்டாம் முகம் விண்டோஸுக்கு.

இதில் எரிச்சலூட்டுவது, சில வேளை எல்லாம் சரியாக ஓடுவது போலவே இருக்கும். டொங்கிளின் மென்பொருள் முன்பே விண்டோஸில் ஏறியிருந்தால் விண்டோஸ் அதைப் பிடித்து நேரே நெட் எடுத்துவிடும். வீஎம் சும்மா கிடக்கும். கணக்கில் பூச்சியம் என்று பார்க்கும்போதுதான் விளங்கும். சந்தேகம் வந்தால் விண்டோஸில் 1.1.1.1க்கு ட்ரேஸ்ரூட் அடியுங்கள். முதல் வரி 192.168.56.2, இரண்டாம் வரி டொங்கிளின் முகவரியான 192.168.8.1 என்று வரவேண்டும். முதல் வரியிலேயே 8.1 வந்தால் டொங்கிள் வீஎம்மிடம் இல்லை.

மருந்து சின்னது. ஃபில்டரில் வென்டர் எண் 12டி1ஐ மட்டும் விட்டு, ப்ரொடக்ட், ரிவிஷன், சீரியல் என்று மற்ற எல்லாப் பெட்டிகளையும் அழித்துவிடுங்கள். வெறுமையான பெட்டி எதற்கும் பொருந்தும், இரண்டு முகமும் உள்ளே போகும். விண்டோஸிலிருந்து டொங்கிள் மென்பொருளையும் கழற்றிவிடுங்கள்.

அத்தோடு தொல்லை தீராது. மாரியில் இங்கே கரண்ட் போய் வருவது புதினமில்லை. மேசைக் கணினி திரும்ப எழும்பும்போது டொங்கிள் ஏற்கெனவே குத்தியிருக்கும், வீஎம் இன்னும் எழும்பியிராது, விண்டோஸ் அதைக் கையில் பிடித்துவிடும். பிறகு வீஎம் கேட்டால், அந்தச் சாமான் முந்தைய வேண்டுகோளில் மும்முரமாக இருக்கிறது என்று வேர்ச்சுவல்பொக்ஸ் ஒரு செய்தி காட்டும். மும்முரமாம்! பத்து நிமிடம் காத்திருந்தாலும் அதே மும்முரம்தான். கழற்றி, பத்து விநாடி விட்டு, வீஎம் முழுதாக எழும்பிய பிறகு குத்த வேண்டும். கையால் செய்யப் பஞ்சியாக இருந்தால், வேர்ச்சுவல்பொக்ஸின் கட்டளைக் கருவியான விபொக்ஸ்மேனேஜின் யூஎஸ்பி-அட்டாச் கட்டளையை விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில் ஒரு நிமிடத் தாமதத்தோடு வைக்கலாம். ஆனால் டொங்கிளுக்கு அது கொடுக்கும் யூயூஐடி (அடையாள எண்) நிலையானதல்ல. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் பட்டியலைப் பார்த்துத் தேடித்தான் பொருத்த வேண்டும். இவ்வளவு செய்தும் பத்துக்கு இரண்டு முறை எழும்பிப் போய்க் கையால் கழற்றுகிற கதைதான்.

லப்டொப்பை ஸ்லீப்பில் போட்டாலும் இதே கூத்து. பவர் ஒப்ஷனில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். வீஎம்மை சேவ் ஸ்டேட்டில் விடாதீர்கள், ஒழுங்காக ஷட்டவுன் செய்யுங்கள். நினைவில் உறைந்த டெபியன் எழும்பி, இல்லாத டொங்கிளைத் தேடிக்கொண்டிருக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் டொங்கிள் கை வைக்க முடியாத அளவு கொதிக்கும், கொதித்தால் விழும், விழுந்தால் மறுபடி சீடி வேஷம். அரை மீற்றர் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று போட்டு லப்டொப்பின் சூட்டிலிருந்து தள்ளி வைத்தால் கொஞ்சம் அடங்கும். நீட்டு வயர் வேண்டாம், மின்சாரம் குறைந்து அதற்கும் விழும்.

யூஎஸ்பி 2, 3 கன்ட்ரோலருக்கு முன்பு எக்ஸ்டென்ஷன் பேக் தேவைப்பட்டது, வேர்ச்சுவல்பொக்ஸ் 7.0இலிருந்து தேவையில்லை. வீஎம் ஜன்னலின் கீழ்ப்பட்டியில் பச்சை ஆமை ஒன்று தெரிந்தால், விண்டோஸின் சொந்த வீஎம் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம். அது உண்மையிலேயே ஆமைதான். அதைப் பாவிக்கிற டப்ளியூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ்), மெமரி இன்டெக்ரிட்டி (பாதுகாப்பு வசதி) இரண்டும் தேவையில்லாவிட்டால் நிறுத்திப் பாருங்கள்.

இவ்வளவு திட்டியும் ஏன் இன்னும் இதிலேயே கிடக்கிறேன் என்றால், விஎன்ஸ்டாட் என்ற டேட்டா எண்ணும் கருவி. எதிர்பாராத சந்தோசம் இதுதான். டெபியனில் நிறுவி, டொங்கிள் இன்டர்ஃபேஸைச் சேர்த்தால் மணித்தியாலம், நாள், மாதம் என்று பிரித்துக் காட்டும். பக்கேஜ் 17ஆந் திகதி புதுப்பித்தால் கன்ஃபிக்கில் மந்த்ரொட்டேட் என்ற வரியை 17 ஆக்குங்கள், மாதக் கணக்கும் 17இல் தொடங்கும். அலகை மட்டும் கவனியுங்கள். அது இயல்பில் 1024 கணக்கில் காட்டும். அது 30 ஜிபி என்று சொன்னால், 1000 கணக்கில் அது 32 ஜிபிக்குச் சற்று மேல். பகல் டேட்டா, இரவு டேட்டா என்று பிரித்து விற்கிற பக்கேஜில் இதன் அருமை இன்னும் தெரியும். என்எஃப்டேபிள்ஸுக்கு இரண்டு விதிக் கோப்பு எழுதி, நள்ளிரவுக்குப் பிறகு ஒன்றும் விடிந்ததும் மற்றதும் ஏறும்படி க்ரொனில் (நேரம் பார்த்து வேலை நடத்தும் கருவி) வைத்தால், பகலில் நீங்கள் அனுமதித்தவற்றுக்கு மட்டும் வழி, மற்றதெல்லாம் இரவில். விண்டோஸின் மீற்றர்ட் கனெக்‌ஷன் கெஞ்சித்தான் கேட்கும், இது கதவைப் பூட்டிவிடும்.

டெபியன் 13க்கு ஏற்றுகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐபி ஃபோர்வர்டிங் வரியை பழைய சிஸ்சிடிஎல்.கொன்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் எழுதியிருந்தால், 13இல் அந்தக் கோப்பை பூட் நேரத்தில் யாரும் படிப்பதில்லை. வீஎம்முக்குள் நெட் இருக்கும், விண்டோஸில் இராது. அதே வரியை சிஸ்சிடிஎல்.டி அடைவுக்குள் தனிக் கோப்பாகப் போட்டால் சரி.

வேகத்தைப் பற்றிக் கேட்பார்கள். டொங்கிள் நெட்டுக்கு வீஎம் ஒரு தடையே இல்லை, டவர்தான் தடை. ஆனால் வெளியிலிருந்து உள்ளே வரவேண்டிய சீசீடிவி பார்ப்பது போன்ற வேலைக்கு இதை நம்பவேண்டாம். முகவரியை மாற்றி அனுப்புகிற நாட் வீஎம்மில் ஒன்று (அந்த மாஸ்கரேட்தான்), டொங்கிளில் ஒன்று, பெரும்பாலும் கம்பனி பக்கம் இன்னொன்று.

கூட்டாளிக்கு நான் சொன்ன முடிவு: ரவுட்டரை வாங்கு. வீட்டில் போன் இரண்டு மூன்று இருக்கிறது, கரண்ட் போனாலும் பெட்டரியில் நிற்கும், சல்லியும் பெரிதாக இல்லை. இந்த வீஎம் வேலை உனக்கு வேண்டாம். “அப்ப உன்ட டொங்கிள எனக்குத் தா” என்றார். தரவில்லை. 17ஆந் திகதி வர இன்னும் ஐந்து நாள் கிடக்கிறது, கணக்குப் பார்க்க வேண்டும்.