ஹை பானெட் ஜீப்: வயரிங் பரம திருப்தி, ஆனாலும் வாங்காதீங்க

மதுரையில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கம்பத்தில் ஒரு ஹை பானெட் ஜீப் விலைக்கு வந்திருக்கிறதாம், பாடி நல்லா இருக்காம், பெயின்ட் புதுசாம், வாங்கலாமா, வயரிங்கை முழுசா மாற்றணுமா, இல்லை இருப்பதை வைத்தே ஓட்டலாமா என்று. அவர் கேட்ட நேரத்தில் நான் என் ஜீப்பின் பானெட்டைத் திறந்துபோட்டு, எலி கடித்த ஹீட்டர் லைனை (குளிரில் டீசல் இன்ஜின் கிளம்ப உதவும் ஹீட்டர் பிளக்குக்குப் போகும் வயரை) அறுத்துப் புதுசு போட்டுக்கொண்டிருந்தேன். அதனால் இதில் கொஞ்சம் கோபம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 80 அங்குல வீல்பேஸ், லீஃப் ஸ்ப்ரிங், ஃபோர் வீல் லீவர் இதையெல்லாம் விளக்கப் போவதில்லை. இந்த வண்டியைத் தேடுகிறவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

என்னுடையது சிஜே 3பி என்ற மாடல், ஆர்சி புக்கில் 1968. அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி 1953-இல் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினை இந்தச் சின்ன ஜீப்புக்குள் வைத்தபோது இன்ஜின் உயரமாக இருந்ததால் பானெட்டைத் தூக்கினார்கள், அந்த உயரம்தான் இதற்கு நம்ம ஊரில் ஹை பானெட் என்று பெயர் வாங்கித் தந்தது. அமெரிக்காவில் 1968-இல் நிறுத்திவிட்டார்கள், இங்கே மஹிந்திரா அதற்கப்புறமும் வெகுகாலம் அதே உருவத்தில் வண்டி செய்தது. என் வண்டியில் அந்தப் பெட்ரோல் இன்ஜின் இல்லை. எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஏலக்காய்த் தோட்ட ஓட்டத்துக்காக எக்ஸ்டிபி 4.90 ஏற்றிவிட்டார்கள், பெஜோ லைசென்ஸில் மஹிந்திரா செய்த 2112 சிசி டீசல். மலை ஏற அருமையான இன்ஜின். ஆனால் 2021-இல் வந்த வின்டேஜ் வண்டிப் பதிவு விதியில் 50 வருஷம் தாண்டியிருந்தால் மட்டும் போதாது, சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அதனால் வின்டேஜ் வண்டிக்குத் தரும் விஏ நம்பர் பிளேட் ஆசையோடு டீசல் ஏற்றிய வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

சரி, வயரிங்குக்கு வருகிறேன். பழைய டீசல் ஜீப்பில் வயரிங்கை யாரும் மதிப்பதில்லை, அதற்கு ஒரு காரணம் உண்டு. டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் தேவையில்லை. இறக்கத்தில் நிறுத்தி, காலையில் உருட்டி, செகண்ட் கியரில் கிளட்ச்சை விட்டால் கிளம்பிவிடும், அப்புறம் பேட்டரியே இல்லாமல்கூட ஓடும். பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஒரு வயர் போனதும் நடுரோட்டில் நின்று ஆளைப் பட்டறைக்கு ஓட வைத்திருக்கும். இது நிற்காது, அதனால் செல்ஃப் போனால் தனியாக ஒரு வயர், ஹார்ன் போனால் இன்னொரு வயர், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு டேப் என்று முப்பது நாற்பது வருஷம் ஓட்டிவிடுகிறார்கள். நான் பிரித்தபோது பழைய பெட்ரோல் இன்ஜினின் இக்னிஷன் காயிலுக்குப் போன வயர் முனையில் டேப் சுற்றியபடி தொங்கிக்கொண்டிருந்தது, சாவியைத் திருப்பினால் அதில் 12 வோல்ட். காயிலே இல்லாத வண்டி. டேப் தளர்ந்து அது சைலன்சர் பக்கம் சரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ரெடிமேடாக விற்கும் வயரிங் செட்டைப் போட்டால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். டீசல் ஏற்றிய ஹை பானெட்டுக்கு அது பொருந்தாது, ஏனென்றால் ஆல்டர்னேட்டர் வேறு பக்கம், ஹீட்டர் பிளக் லைன் அதில் இருக்காது, செல்ஃபுக்குப் போகும் வயர் நீளம் போதாது, கடைசியில் புது வயரில் ஒட்டுப்போட வேண்டிவரும். புது செட்டை வாங்கி வெட்டி ஒட்டுவதைவிட மோசமான வேலை கிடையாது. அதனால் பழையதை முழுசாக வெளியே எடுத்து, பலகையில் ஆணியடித்துப் பரப்பி, அதே வழியில் புது வயரை ஓட்டித் தனியாகக் கட்டினோம். முனைகளை முறுக்கி டேப் சுற்றாமல் எல்லாம் கிரிம்ப் செய்த (அழுத்திப் பிடித்த) உலோக லக், மேலே உள்ளுக்குள் பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். எலக்ட்ரீசியன் முதலில், "தம்பி, இந்த வண்டிக்கு இவ்வளவு எதுக்கு, டேப்ப சுத்திவிட்டா இன்னும் பத்து வருசம் ஓடும்" என்றார். ஓடும்தான், எப்போது எரியும் என்பதுதான் தெரியாது.

வயரிங்கில் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது கரண்ட் அளவைக் காட்டும் ஆம்மீட்டரைக் கழற்றியது. பழைய ஜீப்பில் ஆம்மீட்டர் என்றால் வண்டியின் மொத்த சார்ஜிங் கரண்ட்டும், செல்ஃப் நீங்கலாக, பானெட்டுக்குள்ளிருந்து டேஷ்போர்டுக்கு வந்து அந்த மீட்டரைத் தாண்டித்தான் திரும்பப் போகும். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் இப்படித்தான், அன்றைக்கு இருந்த சின்ன டைனமோவுக்கு அது சரியாகவும் இருந்தது. ஆல்டர்னேட்டர் போட்டு, ஹீட்டர் பிளக்கும் சேர்த்து அதே ரெண்டு திருகு வழியாக இழுத்தால் ஒரு நட்டு தளர்ந்தாலே போதும், முழங்காலுக்கு நேரே தீப்பொறி. அதைத் தூக்கிவிட்டு வோல்ட் மீட்டர் வைத்தேன். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே மெயின் ஃபியூஸ், ஹீட்டர் லைனுக்குத் தனி ஃபியூஸ், பேட்டரிக்குக் கட்-ஆஃப் சுவிட்ச்.

ஹெட்லைட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முன்பு பேட்டரியில் 12.6 காட்டும்போது பல்பு முனையில் 10.7தான் இருந்தது. மீட்டர், லைட் சுவிட்ச், காலால் மிதிக்கும் டிப் சுவிட்ச், அங்கிருந்து திரும்ப முன்னால் என்று கரண்ட் ஊர் சுற்றிப் போய்ச் சேர்ந்தது. ஃபிலமென்ட் பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும், எனக்கு அதற்கும் மேலேயே போய்க்கொண்டிருந்தது. ரெண்டு ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ் வழியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர், பழைய சுவிட்ச் இப்போது ரிலேவை மட்டும் தூண்டும். அதே 60/55 வாட் எச்4 பல்பு, அதே கண்ணாடி. அன்றைக்கு ராத்திரி போடிமெட்டு ஏறினேன், மேலே மூன்று நாலு வளைவில் பஞ்சுமாதிரி மூட்டம், ரோட்டோரத்து வெள்ளைக் கோடும் கைப்பிடிச்சுவரும் தெளிவாகத் தெரிந்தன. இந்த ஜீப்பில் அந்த ரோட்டில் ராத்திரி பயமில்லாமல் போனது அதுதான் முதல் தடவை. புது டயரும் பெயின்ட்டும் சீட்டும் எத்தனையோ செலவு வைத்தன, ஒன்றுகூட இந்தச் சந்தோஷத்தைத் தரவில்லை. எல்இடி போடச் சொல்கிறவர்கள் முதலில் ரிலே போட்டுப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி, அதைப் பற்றி ஒன்று. இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, பாடிக்கும் சேஸுக்கும் நடுவிலும் ரப்பர். இன்ஜினிலிருந்து சேஸுக்கு, சேஸிலிருந்து பாடிக்கு என்று தனித்தனியாக எர்த் பட்டை இல்லாவிட்டால் செல்ஃப் அடிக்கும்போது அவ்வளவு கரண்ட்டும் கிடைத்த வழியில் திரும்பும், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகக்கூட. கேபிள் அடிக்கடி உருகி இறுகிப்போகிறது என்றால் கேபிளைத் திட்டாமல் எர்த்தைப் பாருங்கள். பெயின்ட் அடிக்கும்போது இந்த இடங்களை மறைக்கச் சொல்ல வேண்டும், அல்லது அப்புறம் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று இரும்பைக் காட்டி, போல்ட்டை முடுக்கி, மேலே வாசலின் பூச வேண்டும். புதுசாகப் பெயின்ட் அடித்து வந்த ஜீப்புகளில் லைட் மினுக்குவதற்கும் மீட்டர் முள் ஆடுவதற்கும் பாதிக்கு மேல் இதுதான் காரணமாக இருக்கும்.

பானெட்டுக்குள் எபாக்ஸி பிரைமர், மேலே ரெண்டு கோட் பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட், மூலைகளில் வேக்ஸ். கறுப்புத் தார் மாதிரி அண்டர்கோட் எனக்கு வேண்டாம். அது வெடித்ததும் உள்ளே தண்ணீர் தங்கும், வெளியே கறுப்பாகப் பளபளக்கும், அடியில் துரு தின்றுகொண்டிருக்கும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டில் வயர் நுழையும் ஓட்டைகள் எல்லாவற்றுக்கும் ரப்பர் வாஷர் போட்டோம், அதற்கு முன் தகட்டின் கூர் முனையிலேயே வயர் உரசிக்கொண்டு கிடந்தது. சைலன்சர் மேனிஃபோல்ட் பக்கம் போகும் வயருக்கு ஃபைபர்கிளாஸ் ஸ்லீவ். இந்த வேலை ஒவ்வொன்றும் அப்படியே நிற்கிறது, இடுக்கி மழை, சாந்தன்பாறைப் பக்கத்து மண் ரோடு எல்லாம் பார்த்தும் வயர்களை இணைக்கும் கப்ளர் ஒன்றில்கூடப் பச்சை பூக்கவில்லை. வாட்டர் வாஷில் மட்டும் பானெட்டைத் திறக்க விடாதீர்கள், அந்த அழுத்தத்தில் தண்ணீர் எந்தக் கப்ளருக்குள்ளும் போகும். அடியில் டீசல் ஸ்ப்ரே பண்ணுகிறேன் என்பார்கள், அதுவும் வேண்டாம், ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறிப்போகும்.

இத்தனையும் செய்த வண்டியை எலி தின்கிறது. என் வீட்டுக்குப் பக்கத்தில் ஏலக்காய் கோடவுன், அங்கே எலிக்குப் பஞ்சமில்லை. ராத்திரி வண்டி வந்து நின்றால் இன்ஜின் சூடு நெடுநேரம் இருக்கும், மெத்தென்று சாக்கு நூலும் துணியும் கொண்டுவந்து பேட்டரித் தட்டுக்குப் பின்னால் கூடு கட்டிவிடும். எலிக்கு முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும். புதுக் கார்களில் சோயா கலந்த இன்சுலேஷன் போடுவதால்தான் கடிக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. என் வண்டியில் சாதாரண பிவிசி, பழைய காலத்து ரப்பர் ஹோஸ், ரெண்டையும்தான் கடித்தது. புகையிலை கட்டினேன், நாப்தலின் உருண்டை போட்டேன், சந்தையில் விற்கும் எலி விரட்டி ஸ்ப்ரே அடித்தேன். புகையிலைக்கு நாலு நாள் மரியாதை இருந்தது. ஸ்ப்ரே அடித்த இடத்திலேயே கடித்திருந்தது. எலி கடிக்காது என்று சொல்லி விற்ற ஒரு கறுப்புச் சுருள் பைப்பை வாங்கி மெயின் வயருக்கெல்லாம் போட்டேன், அதன் துண்டுகளைத்தான் கூட்டுக்குள்ளிருந்து பொறுக்கினேன். அந்தப் பைப்பை விற்றவர் மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை, விலை வேறு சாதாரணப் பைப்பைவிட மூன்று மடங்கு.

இப்போது உள்ளே நைலான் ஸ்லீவ், மேலே ஸ்டீல் பின்னல் ஸ்லீவ். இரும்பு நேராக வயரில் உரசினால் அதுவே ஷார்ட்டுக்கு வழி, அதனால்தான் உள்ளே இன்னொன்று. அது போட்ட இடத்தில் இதுவரை கடி இல்லை. கிரில்லுக்குப் பின்னால் கால் அங்குலக் கம்பிவலை. ஆனால் ஜீப்பின் அடி திறந்துதான் இருக்கும், அதை மூட முடியாது. தகடு போட்டு மூடினால் லோ கியரில் கொழுக்குமலைப் பக்கம் ஏறும்போது சூடு வெளியேற வழியில்லாமல் ரேடியேட்டர் கொதிக்கும். காற்று வருகிற வழிதான் எலிக்கும் வழி. இந்தத் தடவை ஸ்டீல் ஸ்லீவ் முடிந்து ஹீட்டர் பிளக் தொடங்கும் அந்த விரல் நீள இடத்தைக் கண்டுபிடித்துக் கடித்திருக்கிறது, செம்பு இன்ஜின் மேல் பட்டது, காலையில் ஹீட்டர் சுவிட்சைத் திருப்பினதும் ஃபியூஸ் போயிற்று. ஃபியூஸ் மட்டும்தான் போயிற்று. அந்த லைனில் முன்பு ஃபியூஸே கிடையாது, பழைய வயரிங்கில் இதே கடி விழுந்திருந்தால் ஜீப்பும் எரிந்து பக்கத்துக் கோடவுனும் சேர்ந்து எரிந்திருக்கும். கூட்டை எடுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் வரும், அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

நண்பருக்கு என் பதில்: வயரிங்கை முழுசாக மாற்றத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. பார்க்கப் போகும்போது பெயின்ட்டைப் பார்க்காமல் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பாருங்கள், பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு வயரையும் கையால் தடவிக்கொண்டே போங்கள், ஃபியூஸ் இல்லாமல் எத்தனை போகிறது என்று தெரியும். விற்பவர் சொல்லும் விலையில் வயரிங் செலவைக் கழித்துக் கேளுங்கள். என் கணக்கில் பெயின்ட் செலவில் கால்வாசிகூட ஆகவில்லை. செய்து முடித்தால் இதைப்போல நம்பகமான மலைவண்டி கிடையாது. ஆனாலும் வாங்காதீங்க. உங்கள் வீட்டில் ஷெட் இல்லை, தெருவில் வேப்பமரத்தடியில், சாக்கடைக்கு மேல்தான் நிறுத்தப் போகிறீர்கள், அங்கே பெருச்சாளி திரிவதை நானே பார்த்திருக்கிறேன். நாலு பக்கமும் சுவரும் தரையில் சிமென்ட்டும் உள்ள ஷெட் கட்டிவிட்டு என்னிடம் சொல்லுங்கள், நானே கூட வந்து பார்க்கிறேன். என் வண்டியைக் கேட்டுப் போன மாதம்கூட ஒருவர் வந்தார், நல்ல விலைதான், கொடுக்கிற எண்ணம் இல்லை. அந்த விரல் நீள இடத்துக்குப் பித்தளைக் குழாயில் ஒரு மூடி கடைந்து தரச் சொல்லி லேத் பட்டறையில் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரும்.