மேல்நிலைத் தொட்டிக்குத் தானியங்கி நீர்மட்டக் கருவி: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

சென்னையின் தென்புறத்தில் ஆறு வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பில், தரைக்கடியில் 12,000 லிட்டர் கொள்ளும் சம்ப் ஒன்றும் மொட்டைமாடியில் 2,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றும் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் கோடையில் லாரித் தண்ணீரும் சம்ப்பில் சேர்கின்றன. அங்கிருந்து 1 குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார் மேலே ஏற்றுகிறது. காவலர் வேலையை விட்டுச் சென்றபின், குழாயில் தண்ணீர் வராததை முதலில் காண்பவர் மோட்டாரைப் போடுவதும், மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் ஓசை கேட்டவர் ஓடிவந்து நிறுத்துவதும் வழக்கமாயின. காலியான தொட்டி நிறைய 36 நிமிடம் ஆகிறது என்று ஒருநாள் கடிகாரம் வைத்துக் கணக்கிட்டேன். அப்படியானால் கவனிக்காமல் விடும் ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் ஏறக்குறைய 550 லிட்டர் தெருவுக்குப் போகிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்து இறங்கியதைப் பார்த்த ஊர் இது. அந்தக் கோடையில் குடத்தோடு நின்றவர்களால் இந்தக் கணக்கைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே சங்கத்தின் செலவில் ஒரு தானியங்கி நீர்மட்டக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கினோம். கட்டுப்பாட்டுப் பெட்டியும் இரு தொட்டிகளுக்கான உணர்கம்பிகளும் சேர்ந்து 4,200 ரூபாய். மாடியிலிருந்து சம்ப் வரை இழுத்த வயருக்கும் கூலிக்கும் தனியாகச் செலவானது. தயாரிப்பாளரின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே அமைப்பில் கருவி செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது அந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கருவியின் வேலை எளிமையானது. மேல்தொட்டிக்குள் நீளத்தில் வேறுபட்ட மூன்று துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் தொங்குகின்றன. மிக நீளமானது பொதுக் கம்பி. அடுத்தது கீழ்மட்டத்துக்கும், குட்டையானது மேல்மட்டத்துக்கும் உரியவை. தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால், எந்தக் கம்பி நனைந்திருக்கிறது என்பதைப் பெட்டி அறிந்துகொள்கிறது. கீழ்மட்டக் கம்பியைவிட்டுத் தண்ணீர் இறங்கினால் மோட்டார் ஓடத் தொடங்கும். மேல்மட்டக் கம்பியைத் தொட்டால் நிற்கும். இடைப்பட்ட உயரத்தில் இருந்த நிலையே தொடரும். இந்த இடைவெளி மிகவும் முக்கியம். ஒரே மட்டத்தில் தொடங்கவும் நிற்கவும் வைத்தால், ஒருவர் கை கழுவியதற்கெல்லாம் மோட்டார் ஓடி ஓடி நின்று விரைவில் பழுதாகும். சம்ப்பிலும் இதேபோல் மூன்று கம்பிகள் உண்டு. அங்கே தண்ணீர் குறைந்தால் மேல்தொட்டி காலியாக இருந்தாலும் மோட்டார் ஓடாது.

முதல் ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. ஏழாவது மாதத்தில் ஒருநாள் விடியற்காலை 4 மணிக்குத் தானாக ஓடத் தொடங்கிய மோட்டார், தொட்டி நிறைந்த பிறகும் நிற்கவில்லை. நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய ஒருவர் பார்த்து நிறுத்துவதற்குள் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வழிந்துவிட்டது. 5,000 லிட்டருக்குக் குறையாது. தொட்டியைத் திறந்து பார்த்தபோது மேல்மட்டக் கம்பியைச் சுற்றிச் சுண்ணாம்பு போல வெள்ளையாக உப்பு படிந்து ஓடு கட்டியிருந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினநீர். வாளியிலும் குழாய்வாயிலும் படியும் அதே கால்சியம் கார்பனேட் கம்பியிலும் படிந்திருக்கிறது. அந்தப் படிவு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. எனவே கம்பி தண்ணீரில் மூழ்கியிருந்தும், தண்ணீர் இன்னும் எட்டவில்லை என்றே பெட்டி நினைத்துக்கொண்டது.

கம்பி அரித்துப் போகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நேர்திசை மின்னோட்டம் அனுப்பும் மலிவான கருவிகளில் மின்னாற்பகுப்பு நடந்து நேர்மின்வாய்க் கம்பி நாளடைவில் கரைந்துபோகும். இந்தக் கருவி மாறுதிசை மின்னோட்டத்தைப் பயன்படுத்துவதால் அந்தச் சேதம் தென்படவில்லை. ஆனால் உப்புப் படிவுக்கு அது மருந்தாகாது. இன்னொன்றையும் அப்போதுதான் உணர்ந்தேன். அதே படிவு சம்ப்பின் கம்பியில் ஏற்பட்டால், தண்ணீர் இல்லை என்று எண்ணி மோட்டார் ஓடாமல் இருக்கும். தொல்லைதான், ஆனால் இழப்பில்லை. மேல்தொட்டியில் ஏற்பட்டால் தண்ணீர் முழுவதும் வீணாகும். எந்த உறுப்பு கெட்டால் என்ன விளையும் என்பதை வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது, நான் கேட்கவில்லை.

தயாரிப்பாளரிடம் பேசியபோது, அதே பெட்டியோடு இணையும் காந்த மிதவை உணரிகளை 1,600 ரூபாய்க்கு அனுப்பினார்கள். ஒரு தண்டுக்குள் ரீட் சுவிட்சுகள் அடைக்கப்பட்டிருக்கும். தண்டின்மேல் வளையம் போன்ற மிதவை ஒன்று காந்தத்தோடு ஏறி இறங்கும். காந்தம் நெருங்கும்போது சுவிட்ச் மூடி மின்சுற்றை இணைக்கும். மின்தொடர்பு தண்ணீரைத் தொடுவதே இல்லை என்பதால், நீரின் உப்பு அளவு என்னவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. மிதவைக்கும் தண்டுக்கும் இடையே படிவு சேர்ந்தால் சிக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு; ஆகையால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்துவிடுகிறோம். இதை மாற்றியபின் கடந்த ஏழு மாதமாக ஒரு சொட்டு வழியவில்லை. கடினநீர் உள்ள வீடுகளுக்குக் கம்பி உணரியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே பெட்டியை மிதவை உணரியோடு தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மீயொலி உணரியை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்று இருவர் கேட்டார்கள். மூடியிலிருந்து ஒலியை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக்கொண்டு தூரத்தைக் கணக்கிடுவது அதன் முறை. காற்றில் ஒலியின் வேகம் 20 பாகை செல்சியஸில் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். ஒவ்வொரு பாகைக்கும் 0.6 மீட்டர் அளவுக்குக் கூடும். சித்திரை வெயிலில் கறுப்புத் தொட்டிக்குள் 45 பாகை இருந்தால், வெப்பத்துக்கேற்பத் திருத்தம் செய்யாத உணரி ஒரு மீட்டர் தூரத்தில் 4 சென்டிமீட்டர் பிழையாகக் காட்டும். அது பொறுத்துக்கொள்ளக்கூடியதே. உணரியின் முகத்தில் நீராவி துளித்து நிற்பதும், மிக அருகில் வந்துவிட்ட நீர்மட்டத்தை அதனால் அளக்க முடியாததுமே என்னைத் தயங்க வைத்தன. நமக்குத் துல்லியம் தேவைப்படுவது தொட்டி நிறையும் அந்த நேரத்தில்தானே.

பெட்டிக்கு வருவோம். கருவியிலுள்ள சிறிய ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மோட்டாரை நேரடியாக இயக்காமல், அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய சுவிட்சான ஒரு கான்டாக்டரை மட்டும் இயக்குவதைப் பாராட்ட வேண்டும். மோட்டார் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். சிறிய ரிலேயின் முனைகள் அந்தச் சூட்டில் ஒட்டிக்கொண்டால் எந்த உணரி சொல்லியும் மோட்டார் நிற்காது. மின்தடைக்குப் பின் ஒரு நிமிடம் காத்திருந்து மட்டத்தைப் பார்த்தபின்னரே ஓடத் தொடங்குவதும் நல்ல ஏற்பாடு. கையால் இயக்க ஒரு பைபாஸ் சுவிட்சும் உண்டு.

தண்ணீரின்றி ஓடுவதைத் தடுக்கும் காப்பு இதில் தனியாக இருக்கிறது. தண்ணீரைத் தள்ளாமல் சுற்றும்போது இந்த வகை மோட்டார் குறைந்த மின்னோட்டமே இழுக்கும். அதைக் கண்டு கருவி நிறுத்திவிடும். வெளியேற்றக் குழாயின் கேட் வால்வைச் சில நொடிகள் மூடி நானே சோதித்தேன்: வழக்கமாக 6.2 ஆம்பியர், மூடியபோது 4.1 ஆம்பியர். எல்லையை 5 ஆம்பியரில் வைத்திருக்கிறோம். மின்னழுத்தம் மாறும்போது மின்னோட்டமும் மாறுவதால், மிக நெருக்கமாக வைத்தால் காரணமின்றி நின்றுவிடும். தண்ணீரில்லாமல் ஓடினால் முதலில் வெந்து போவது, சுழலும் தண்டின் வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல். ஆகவே இந்தச் சோதனையைப் பொருத்துபவர் முன்னிலையிலேயே செய்துவிடுங்கள்.

அதிகபட்ச ஓட்ட நேரம் என்ற அமைப்பைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பெட்டி வரும்போது அது 4 மணி நேரத்தில் இருந்தது. எங்கள் தொட்டிக்கு 36 நிமிடம் போதும் என்பதால் இப்போது 45 நிமிடமாக வைத்துள்ளோம். உணரி எதுவானாலும் பழுதடைந்தால், அதற்குமேல் மோட்டார் ஓடாது. அந்த விடியற்காலையில் இது சரியாக இருந்திருந்தால் 5,000 லிட்டரில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

மற்றொரு பிழை பொருத்தியவருடையது. சம்ப்பின் கீழ்மட்டக் கம்பியைத் தரையிலிருந்து 8 சென்டிமீட்டரில் நிறுத்திவிட்டார். உறிஞ்சு குழாயின் அடிமுனையிலுள்ள எங்கள் ஃபுட் வால்வோ 15 சென்டிமீட்டரில் இருக்கிறது. கருவி தண்ணீர் இருப்பதாக நம்ப, குழாய் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. மின்னோட்டக் காப்பு இருந்ததால் மோட்டார் தப்பியது. பின்னர் கீழ்மட்டத்தை 35 சென்டிமீட்டருக்கு உயர்த்தினோம். பெட்டியின் கதவுக்குள் ஒட்டியுள்ள இணைப்புப் படமும் குறிப்புகளும் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன; கீழ்மட்ட உணரி ஃபுட் வால்வுக்கு மேலே இருக்க வேண்டும், ஓட்ட நேரத்தைத் தொட்டிக்கேற்ப மாற்ற வேண்டும் என்ற இரண்டு வரிகளையாவது அதே கதவில் தமிழில் அச்சிட்டு ஒட்டித் தருமாறு தயாரிப்பாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.