மண்டபத்திலிருந்து மெஷினிஸ்ட்: எந்த வாசல் வழியாகப் போவது?

ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் எங்கள் கரையில் கடல் ஓய்ந்துவிடும், லேத் பட்டறைகள் விழித்துக்கொள்ளும். 61 நாள்களுக்குள் விசிறியைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் வளைந்திருந்தால் நிமிர்த்தி, அது உள்ளே ஓடும் உறையான புஷ் தேய்ந்திருந்தால் மாற்றி, விசைப்படகைத் தயாராக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் கைப்பேசியோடு கிடந்த அக்கா மகனை இந்த ஆண்டு அப்படியொரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். இரும்புச் சுருள் அள்ளவாவது உதவட்டுமே என்றுதான். மூன்றாவது வாரம் கையெல்லாம் கரியோடு வந்து நின்றான். "மாமா, விமானத்துக்குப் பாகம் செய்கிற மெஷினிஸ்ட் ஆக வேண்டும். எங்கே சேர்ந்தால் நல்லது?"

உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்திலிருந்து எழும்பும் கடற்படை விமானங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அந்த ஆசையில் வியப்பு இல்லை. ராமேசுவரத்துப் பக்கம் ஆகாயம் என்று வாயெடுத்தாலே கலாம் ஐயா பெயர் வரும், அடுத்த வார்த்தை பொறியியல் கல்லூரி என்று வரும். அவரே படிப்பை முடித்ததும் விமானம் தயாரிக்கும் பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனத்தில் பயிற்சியாளராக விமான எஞ்சின்களோடு மல்லுக்கட்டியவர்தான். அந்தப் பகுதியை யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

நான் ஐ.டி.ஐ. படித்து, பெங்களூரில் அப்ரண்டிஸ் என்ற தொழிற்பழகுநர் பயிற்சி முடித்து, சுழலும் கருவியால் உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷின் முன்னால் பல ஆண்டு நின்றுவிட்டு ஊர் திரும்பியவன். அவனுக்கு ஒரு மாலை முழுக்கச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பட்டறைக்காரர், அக்கா, நான் என்று மூவரும் மூன்று பக்கம் இழுத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பட்டறை. "இங்கேயே இரண்டு வருடம் இருக்கட்டும், தொழில் கைக்கு வந்துவிடும்" என்பது பட்டறைக்காரர் வாதம். அதில் பாதி உண்மை. கருவியைச் சாணை பிடிக்கவும், வெட்டும் சத்தத்தைக் கேட்டே வேகம் கூடிவிட்டது என்று கண்டுபிடிக்கவும் அங்கே பழகுவதைப் போல் எந்த வகுப்பறையிலும் பழக முடியாது. பையன் ஒரு நாள் துருப்பிடிக்காத எஃகு ஷாஃப்ட்டில் கருவியை மிக லேசாகக் கொடுத்திருக்கிறான். அது வெட்டாமல் உரசியது. உரசிய இடம் பளபளவென்று ஆகி, அடுத்த முறை கருவியின் முனையே மழுங்கிப்போனது. "ஏன் மாமா அந்த இடம் மட்டும் கல்லாகிவிட்டது?" என்றான். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அந்த உலோகம் உரசினால் இறுகும், அதனால் உரச விடாமல் ஆழமாகக் கடித்து வெட்ட வேண்டும். ஜெட் எஞ்சினில் பயன்படும் இன்கோனல் 718 என்ற நிக்கல் கலப்பு உலோகம் இதே குணத்தைப் பல மடங்கு காட்டும். டைட்டானியம் வேறு விதமாகப் படுத்தும். அதற்குச் சூட்டைக் கடத்தத் தெரியாது. வெட்டும்போது பிறக்கும் சூட்டில் பெரும்பகுதி கருவியின் முனையிலேயே தங்கிவிடும். வேகத்தைக் குறைத்து, குளிர்விக்கும் திரவமான கூலண்டைக் கொட்டிக்கொண்டே வெட்ட வேண்டும். மண்டபத்தில் ஒரு ஷாஃப்ட்டில் கற்ற பாடம் அங்கே கை கொடுக்கும்.

ஆனால் பட்டறையில் வரைபடம் கிடையாது. பழைய ஷாஃப்ட் எப்படியோ புதியதும் அப்படியே. புஷ் விரலுக்கு எப்படி ஓடுகிறது என்பதுதான் அளவு. படகுக்கு அது போதும். விமானப் பாகத்துக்கு அளவு என்ன, எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம், யார் அளந்தார், எந்தக் கருவியால் அளந்தார், அந்தக் கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்பது வரை தாளில் இருக்க வேண்டும். அந்த அலுமினியக் கட்டி எந்த உருக்கிலிருந்து வந்தது என்ற எண்கூடக் கடைசி வரை கூடவே வரும். இன்னொரு குறை சட்டத்தில் இருக்கிறது. தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் ஒருவரைப் பதிவு செய்து எடுக்க, நிறுவனத்தில் குறைந்தது நான்கு பேராவது வேலை பார்க்க வேண்டும், 30 பேரோ அதற்கு மேலோ என்றால் எடுப்பது கட்டாயம். முதலாளியும் ஒரு ஆளும் மட்டுமே இருக்கும் பட்டறையில் பத்து வருடம் இருந்தாலும் கையில் பழகுநர் சான்றிதழ் வராது. ஆகவே பட்டறை விடுமுறைக்கு மட்டும்.

அடுத்தது நேரடியாகத் தனியார் நிறுவனம். ஓசூர், கோயம்புத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் "படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்" என்று அழைக்கிறார்கள். விமானப் பாகம் செய்கிறவர்கள் அங்கே உண்மையாகவே இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகள் சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், சேலம், திருச்சி. எங்கள் கரை அதில் இல்லை. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் வருகிறதே என்று சிலர் கேட்பார்கள். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது ஏவுதளத்துக்கு. ராக்கெட்டின் பாகங்களைக் கடைவது வேறு ஊர்களில். அதை நம்பி ஊரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பணக் கணக்கு இப்படி: 2019இல் திருத்திய விதிப்படி பத்தாம் வகுப்பு முடித்து நேராகச் சேரும் பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 6,000 ரூபாய், ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000. இரண்டு வருடம் ஐ.டி.ஐ.யில் உட்கார்ந்துவிட்டு வந்தால் கூடுதல் ஆயிரம் ரூபாய்தானா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நேராகப் போன என் நண்பர்கள் சிலர் கணினி இயக்கும் சி.என்.சி. மெஷினில், வெட்ட வேண்டிய துண்டான ஜாப்பை வைத்து, கதவைச் சாத்தி, பச்சைப் பொத்தானை அழுத்தி, எடுத்துத் துடைத்து வைத்தார்கள். ஒரு ஷிஃப்டில் இருநூறு முறை. ஆஃப்செட் என்ற அளவுத் திருத்தத்தை மாற்ற வேண்டுமென்றால், மெஷினை அமைத்துத் தரும் செட்டர் வருவார். மூன்று வருடம் கழித்தும் செட்டர்தான் வந்தார்.

எல்லா நிறுவனமும் அப்படியில்லை. நல்ல இடத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்றால், ஒப்பந்தம் அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிவாகிறதா, அதில் எந்தத் தொழிற்பிரிவு எழுதப்படுகிறது, முதல் மாதங்களில் அடிப்படைப் பயிற்சி எங்கே என்ற மூன்றையும் கேட்க வேண்டும். முணுமுணுத்தால் பஸ் ஏறிவிட வேண்டியதுதான். வயதும் பார்க்க வேண்டும். பழகுநராக 14 வயது போதும் என்றாலும் ஆபத்தான தொழில்களுக்கு 18 ஆக வேண்டும். பதினைந்து வயதுப் பையனுக்கு இந்த வாசல் பாதி சாத்தியே இருக்கிறது.

மூன்று மாதத்தில் சி.என்.சி. புரோகிராமர் ஆக்குகிறோம் என்று பணம் கேட்கும் பயிற்சிக் கூடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரம் பிடிக்காதவனுக்கு அது கொடுக்கும் தாள், நீச்சல் தெரியாதவனுக்குக் கொடுத்த படகு உரிமம்.

டிப்ளமோ நல்ல வழிதான், ஆனால் வேறு வழி. மூன்று வருடம் படித்தவரைப் பெரும்பாலும் திட்டமிடல், தர ஆய்வு, புரோகிராமிங் மேசைக்கு அழைப்பார்கள். மெஷினில் நிற்க ஆசைப்படும் பிள்ளைக்கு அவசரமில்லை. ஐ.டி.ஐ. இரண்டு வருடம் முடித்தவர் பிறகு நேரடியாக டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ.யை முதலில் முடிப்பதால் அந்தக் கதவு மூடிவிடாது.

இனி என் கட்சி. பத்தாம் வகுப்பில் அறிவியலும் கணிதமும் படித்துத் தேறியிருந்தால் ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் பிரிவு, இரண்டு வருடம். முதல் சில வாரங்கள் அழுகை வரும். கையளவு இரும்புக் கட்டியை அரத்தால் ராவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு முகம் தட்டையானதும் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார் ஆசிரியர். மட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவே முடியளவு வெளிச்சம் கசிந்தாலும் "போ, ராவு" என்பார். நான்கு நாள் ராவியபின் ஒரு கோடுகூடத் தெரியாமல் இருட்டாகத் தெரிந்த அந்த நிமிடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிறகு ஷேப்பர், ஸ்லாட்டர், மில்லிங், கிரைண்டிங் என்று ஏறிக் கடைசியில் சி.என்.சி. மெஷின். வட்டத்தைச் சம பாகமாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட்டின் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் ஜாப் ஒரு சுற்று திரும்பும். 28 பல் கியர் வெட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முழுச் சுற்று, அதோடு தட்டின் 21 துளை வட்டத்தில் 9 துளை தள்ளித் திருப்ப வேண்டும். இதைக் கணக்குப் போட்டு, துளைகளைத் தவறாக எண்ணி, கடைசிப் பல் பொருந்தாமல் நிற்பதைப் பார்த்தவன் பிறகு எண்ணும்போது பேச மாட்டான்.

அரசு ஐ.டி.ஐ.யில் செலவும் குறைவு. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. ஆம், பெண்களும் சேரலாம். எங்கள் கூடத்தில் நுண்ணிய அளவு காட்டும் மைக்ரோமீட்டரை யாரைவிடவும் துல்லியமாகப் படித்தவள் ஒரு பெண்தான்.

இரண்டு வருடம் முடிந்தால் ஒரு வருட அப்ரண்டிஸ். எச்.ஏ.எல். போன்ற பெரிய நிறுவனங்கள் ஐ.டி.ஐ. முடித்தவர்களை எடுக்கின்றன. அதன் முடிவில் அகில இந்தியத் தேர்வு எழுதித் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வாங்கலாம். இஸ்ரோவின் டெக்னீஷியன்-பி பணிக்குப் பத்தாம் வகுப்போடு அந்தந்தப் பிரிவில் ஐ.டி.ஐ. அல்லது இந்தச் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள். ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

குறைகளை மறைக்கவில்லை. அப்ரண்டிஸ் முடித்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பழகுநர் தொழிலாளியும் அல்லர், அந்த ஒரு வருடத்துக்கு வருங்கால வைப்பு நிதி சேராது. ஏழாயிரம் ரூபாயில் பெங்களூரில் அறை வாடகையும் சாப்பாடும் என்றால் வீட்டிலிருந்து பணம் வந்துகொண்டிருக்க வேண்டும். கடலுக்குப் போகும் இவன் வயதுப் பையன் அதைவிட அதிகம் கொண்டுவருவான், ஊரில் அதைச் சொல்லிக் காட்டவும் செய்வார்கள்.

எனக்கு அந்த ஒரு வருடம் தந்தது ஒரு அடி. அலுமினிய பிராக்கெட் ஒன்றின் பிசிறை நீக்கும்போது அரம் வழுக்கி, முடிந்த முகத்தில் ஒரு கீறல் விழுந்தது. நகத்தால் தடவினால் மட்டும் தெரியும். எமெரித் தாளால் தேய்த்து மறைத்து, மற்றப் பாகங்களோடு பெட்டியில் வைத்துவிட்டேன். ஆய்வாளர் மைக்ரோமீட்டரில் தடிமன் குறைவதைக் கண்டுபிடித்தார். அந்தப் பெட்டியில் இருந்த 40 பாகங்களையும் நிறுத்தி, ஒவ்வொன்றாக மறுபடி அளந்தார்கள். ஃபோர்மேன் கீறலுக்காக ஒரு வார்த்தை திட்டவில்லை. "கீறல் விழுந்த பாகத்தை ஒதுக்கி வைக்கச் சிவப்புச் சீட்டு இருக்கிறது. எமெரித் தாளுக்கு என்ன சீட்டு ஒட்டுவது?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் முழுக்க நான் அளந்து கொடுத்த பாகங்களை வேறொருவர் மறுபடி அளந்தார்.

அக்காவின் கட்சி ரயில்வே. அதைத் தள்ளிவிட முடியாது. திருச்சி பொன்மலைப் பணிமனையில் மெஷினிஸ்ட் அப்ரண்டிஸ் உண்டு. ரயில்வேயில் பழகியவர்களுக்கு ஆரம்பநிலையான லெவல் 1 பதவிகளில் 20 சதவீதம் ஒதுக்கீடும் இருக்கிறது. விமானத் தொழிற்சாலை எதுவும் தராத உறுதி அது. ஆனால் லெவல் 1இல் நுழைந்தவர் தண்டவாளப் பராமரிப்புக்கும் போகலாம், கையில் இருந்த மில்லிங் அங்கே மறந்துபோகும். "மாதம் சம்பளம் வந்தால் மறக்கட்டுமே" என்கிறாள் அக்கா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. நல்லவேளை, இரண்டு வழிக்கும் முதல் இரண்டு வருடம் ஒன்றுதான். சண்டையை அதுவரை ஒத்திவைக்கலாம்.

பையன் ஐ.டி.ஐ. விண்ணப்பத்தில் முதல் விருப்பம் மெஷினிஸ்ட், இரண்டாவது டர்னர், மூன்றாவது ஃபிட்டர் என்று நிரப்பியிருக்கிறான். என் பழைய வெர்னியர் அளவுகோலை அவனிடம் கொடுத்தேன். இந்த உப்புக்காற்றில் ஒரு வாரம் எண்ணெய் பூசாமல் விட்டால் தாடைகளில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும் என்றேன். நேற்று அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், முதலாளி விரலால் தடவி, "சரி" என்று ஒதுக்கி வைத்த ஷாஃப்ட் ஒன்றை மூன்று இடங்களில் அளந்திருக்கிறான். மூன்றும் மூன்று அளவு. "சொல்லிவிட்டாயா?" என்று கேட்டேன். "படகு நாளை இறங்குகிறது மாமா, முதலாளி அண்ணன் கோபப்படுவார்" என்றான். சாப்பிட்டு முடித்துவிட்டு, தானாகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் போனான்.