இடது முழங்கைக்கு வெட்பாலை, வலதுக்கு ஸ்டீராய்டு

பதினோரு வருடமாக எனக்குச் சோரியாசிஸ். சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். ஒரு மாதத்தில் மேலே வந்து உதிர வேண்டிய தோல் செல்கள் நாலைந்து நாளிலேயே வந்து குவிந்து செதிலாகிவிடும். சேலத்து வெயிலில் ஓரளவு அடங்கிக் கிடந்தது, வேலைக்காக ஏற்காட்டில் தங்கிய மார்கழிக் குளிரில் இரண்டு முழங்கையிலும் ஒரே அளவுக்குப் படர்ந்தது. தோல் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, கைக்கு ஒரு மருந்தாக எட்டு வாரம் போட்டுப் பார்த்தேன். ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு, ஒரே வெயில்.

வலது கைக்கு 0.05 சதவீத குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு களிம்பு. நாலாம் நாளே அரிப்பு நின்றது, இரண்டு வாரத்தில் சிவப்பும் மங்கியது. அதற்கு மேல் தொடர்ந்தால் தோல் மெலியும் என்பதால் மருத்துவர் நிறுத்தச் சொன்னார். நிறுத்திய மூன்றாம் வாரம் ஓரத்தில் மறுபடி செதில்.

இடது கைக்கு வெட்பாலைத் தைலம். சேர்வராயன் மலை அடிவாரத்தில் வெட்பாலை மரத்துக்குப் பஞ்சமில்லை, கிள்ளினால் பால் வடியும். அம்மா இலையைக் கத்தி படாமல் கையாலேயே கிழித்து, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூழ்கும்வரை தேங்காயெண்ணெய் ஊற்றி மொட்டை மாடியில் வைத்தார். ஏழாம் நாள் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் நாவல்பழச் சாறு போல ஊதா. இந்த இலையிலிருந்து ஒரு காலத்தில் நீலச் சாயமே எடுத்தார்கள். என் தலையணை உறையும் அதற்குச் சாட்சி. பலன் மெதுவாகத்தான் வந்தது. ஐந்தாம் வாரம் செதில் மெலிந்து அரிப்பு குறைந்தது. சிவப்பு வெளிறியதே தவிரப் போகவில்லை.

ஆனால் வேலை செய்தது இலையா, எண்ணெயா? இந்தச் சந்தேகம் வந்ததால் நடுவில் இடது முழங்காலுக்கு வெறும் தேங்காயெண்ணெய் தடவினேன். அங்கேயும் செதில் அதே போல இளகியது! சிவப்பு மட்டும் அப்படியே நின்றது. ஆகவே செதில் போனதற்கான பெயர் எண்ணெய்க்கே சேர வேண்டும். சிவப்பு வெளிறியதை இலையின் கணக்கில் எழுதலாம் என்று நினைக்கிறேன். ஆனால் முழங்காலும் முழங்கையும் ஒன்றல்ல.

லேபிள் இல்லாத ஒரு மூலிகைக் களிம்பையும் முன்பு வாங்கியிருக்கிறேன். மூன்றே நாளில் பளிச்சென்று ஆனது. ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றே தூக்கிப் போட்டேன். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத எதையும் தயவுசெய்து தோலில் வைக்காதீர்கள்.

இப்போது படை சீறினால் மருத்துவர் சொன்ன நாள் கணக்குக்குக் களிம்பு, மற்ற நாளில் குளித்த ஈரத்தோடு தைலம். மாடியில் அடுத்த பாட்டில் ஐந்தாம் நாளாகக் காய்கிறது. இந்த முறை வலது முழங்காலுக்குத் தைலம், இடதுக்கு வெறும் எண்ணெய்.