கெஸ்ட் வைஃபை தனி என்று சொல்லி 38,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நாங்கள் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறோம். காத்திருப்பவர்கள் வைஃபை கேட்கிறார்கள். ஆனால் ரிப்போர்ட் இருக்கும் ஆபீஸ் நெட்வொர்க்கை அவர்கள் போன் தொடவே கூடாது. கேட்டது இது ஒன்றுதான். சிசிடிவி, நெட்வொர்க் வேலை பார்க்கும் உள்ளூர்க் கடை 38,500 ரூபாய் சொன்னது. ‘மேனேஜ்டு சுவிட்ச், விலேன் செட்டிங்’ என்று கொட்டேஷனிலேயே இருக்கிறது. அதாவது, செட்டிங் மாற்றக்கூடிய சுவிட்ச் வைத்து, ஒரே வயரிங்கில் இரண்டு தனி நெட்வொர்க்காகப் பிரித்துத் தருவது.

வேலை முடிந்ததும் கடைக்காரர் தன் போனில் கெஸ்ட் வைஃபையைப் போட்டார். எங்கள் லோகோவோடு ஒரு பக்கம் வந்து மொபைல் நம்பர் கேட்டது. "பாருங்கம்மா, இது தனி லைன். உள்ள எட்டிக்கூடப் பாக்க முடியாது. பேங்க்ல கூட இதே செட்டப்தான்" என்றார். என் அப்பா வயது மனிதர், நிதானமாகப் பேசினார். மீதிப் பணத்தை அங்கேயே அனுப்பினேன்.

நேற்று ஒரு அம்மா போனிலிருந்து எதையோ பிரின்ட் கொடுக்க, எங்கள் ரிப்போர்ட் பிரின்டரில் அவர் ரயில் டிக்கெட் வந்து விழுந்தது. பதறிப்போய், கெஸ்ட் வைஃபையில் ஒரு லேப்டாப்பைப் போட்டுப் பார்த்தோம். ஊழியர்களுக்கான ஃபோல்டர் அப்படியே திறந்தது. பெயர், வயது, சர்க்கரை, எச்ஐவி முடிவு, எல்லாம்! இரண்டு வைஃபையும் ஒரே 192.168.1 வரிசையில்தான் முகவரி தருகின்றன, அதாவது இரண்டும் ஒரே நெட்வொர்க்தான். மாட்டியிருப்பது செட்டிங் பக்கமே இல்லாத சாதா சுவிட்ச். ஒரே கூடத்துக்கு இரண்டு வாசல் வைத்துவிட்டு, நடுவில் சுவர் கட்டியதாகக் காசு வாங்கியிருக்கிறார்கள். 38,500 ரூபாய்!

போன் செய்தால் "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க". திரும்பக் கூப்பிட்டால் "டெக்னீஷியன் ஊர்ல இல்ல". சுவிட்ச் போட்டோ அனுப்பினேன், ப்ளூ டிக் மட்டும் விழுந்தது. கடைசியில் கடைப் பெண் சொல்கிறார், "ஏஎம்சி போட்டாத்தான் ஆள் வரும் மேடம்." செய்யாத வேலைக்கு ஏஎம்சி என்ற வருடப் பராமரிப்பு ஒப்பந்தமா?

கிளினிக், டிரஸ்ட், டியூஷன் சென்டர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். லாகின் பக்கம் வருவதால் நெட்வொர்க் பிரிந்துவிட்டது என்று ஆகாது. ரூட்டரை வைஃபை தரும் பெட்டியாக மட்டும் வைக்கும் அக்சஸ் பாயின்ட் மோடில் பல ரூட்டர்களின் கெஸ்ட் வசதி எதையும் பிரிக்காது. பின்னால் சுவிட்சும், எது எங்கே போகலாம் என்று தடுக்கும் ஃபயர்வாலும் சேர்ந்து பிரிக்க வேண்டும். கெஸ்டில் இணைந்துகொண்டு ஆபீஸ் பிரின்டரையும் கம்ப்யூட்டரையும் நீங்களே திறந்து பாருங்கள். திறந்தால் பணம் தராதீர்கள். பில்லில் மாடல் நம்பர் கேளுங்கள். அட்மின் பாஸ்வேர்டை எழுதி வாங்குங்கள். எங்களுடையது இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.