மூன்று மரமா, இரண்டு மரமா, வெறுந்தரையா?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கே ஒரு வேப்பமரம்தான். மரத்தில் தொங்கும் கூடாரம் வாங்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் "எந்த மூணு மரத்துல கட்டப் போறீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். அதற்குப் பதில் இருந்தால் மேலே பேசலாம்.

மச்சானிடம் மூன்று பேர் படுக்கும் மரக் கூடாரம் இருக்கிறது. என்னிடம் கொசுவலை தைத்த ஹாம்மக் (பெரியவர்களுக்கான தூளி) ஒன்றும், தரையில் போடும் பழைய டோம் டென்ட் ஒன்றும். பொன்னேரி பக்கம் உறவினரின் மாந்தோப்பு, பழவேற்காட்டில் ஒரு சவுக்குத் தோப்பு, ஏலகிரியில் தெரிந்தவர் தோட்டம் என்று மாறி மாறி மூன்றிலும் தூங்கிப் பார்த்துவிட்டோம். மூன்று இடத்திலும் உரிமையாளரிடம் சொல்லிவிட்டுத்தான் போனோம். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகவே கூடாது, இரவு தங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மரக் கூடாரம் முக்கோண வடிவம். மூன்று மூலையையும் மூன்று மரங்களுக்கு இழுத்துக் கட்டினால் நடுவில் கூடாரத்தின் தரை மேளத் தோல் போல விறைத்து நிற்கும். இதை உலகம் முழுக்கப் பரப்பியது பிரிட்டனின் டென்ட்சைல் நிறுவனம். மூன்று பேருக்கான அவர்களுடைய ஸ்டிங்ரே 9 கிலோ அளவுக்கு வரும். இழுத்துக் கட்ட ராட்செட் பெல்ட். மணலி, எண்ணூர் பக்கம் டிரெய்லர் லாரிகளில் சரக்கை இறுக்கியிருக்கும் பட்டையைப் பார்த்திருப்பீர்களே, அதே ஏற்பாடுதான். ஹாம்மக்குக்கு இரண்டு மரம் போதும். தரை டென்டுக்கு மரமே வேண்டாம்.

பெரியப்பா காசிமேட்டில் விசைப்படகில் வேலை பார்த்தவர். நாங்கள் முதல்முறை ராட்செட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து பட்டையைத் தட்டிப் பார்த்தார். "டேய், கயிறு தொங்கினா பாரம் கீழ போவும். கயிறு நெட்டா நின்னா மரத்தையே புடுங்கும், பாத்துக்கோ" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே சரி.

ஹாம்மக்கில் 70 கிலோ ஆள் படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் ஒவ்வொரு மரத்தின் மேலும் விழும் இழுவை 70 கிலோ. 15 டிகிரி என்றால் அது 135. 10 டிகிரியில் 200. இன்னும் இறுக்கி 5 டிகிரிக்குக் கொண்டுபோனால் 400 கிலோ. ஆள் அதே ஆள்தான், இறுக்கியதற்குத்தான் இந்தத் தண்டனை. அதனால் ஹாம்மக்கை எப்போதும் தளர்வாகக் கட்ட வேண்டும். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் துப்பாக்கி மாதிரி நீட்டி, சுட்டுவிரலைக் கிடையாக வைத்து, இரண்டின் நுனிகளையும் தொடுவது போல பட்டை ஓடினால் ஏறத்தாழ 30 டிகிரி.

மரக் கூடாரத்தில் இந்தத் தளர்வுக்கு வழியில்லை. தரை சமமாக நிற்க வேண்டுமென்றால் இறுக்கியே ஆக வேண்டும். மூன்று பேர் சேர்ந்து 200 கிலோ, பட்டைகள் 10 டிகிரி சாய்வு என்றால் ஒவ்வொரு மரத்தையும் 380 கிலோவுக்கு மேல் இழுக்கும். ஒரு அடிக்குக் குறையாத குறுக்களவு கொண்ட, உயிருள்ள, நேராக நிற்கும் மூன்று மரங்கள் வேண்டும் என்பது என் கணக்கு. அவை ஏறத்தாழ சமபக்க முக்கோணமாகவும் அமைய வேண்டும். தோப்பில் மரம் நிறைய இருக்கும், இப்படி மூன்று அமைவதுதான் அபூர்வம்.

பழவேற்காட்டில் நாங்கள் தவறு செய்தது இங்கேதான். சவுக்கை நெருக்கி நெருக்கி நட்டிருந்தார்கள், ஒவ்வொன்றும் தொடை மொத்தம்கூட இல்லை. கட்டும்போது எல்லாம் சரியாக நின்றது. மச்சான், அக்கா, பையன் மூவரும் ஏறியதும் ஒரு மரம் உள்பக்கமாக வளைந்தது. அந்த மூலை இறங்கி, மூவரும் ஒருவர் மேல் ஒருவர் உருண்டார்கள். கூடாரம் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில்தான் இருந்தது, அடி படவில்லை. நாலடிக்கு மேல் கட்டக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். பையன் பயந்துபோய் அன்றிரவு காரிலேயே தூங்கினான்.

புளி, வேம்பு, முற்றிய மா ஆகியவற்றை நம்பலாம். முருங்கை வேண்டவே வேண்டாம், லேசாக இழுத்தாலே முறியும். தென்னை அடியில் எந்தக் கூடாரமும் கூடாது. மாமரத்தில் முசுறு கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கட்டுங்கள், அந்தச் செவ்வெறும்புகளுக்குப் பட்டை ஒரு பாலம். மரத்தைச் சுற்றுவது அகலமான பட்டையாக இருக்கட்டும். மெல்லிய கயிறு மரத்தின் தோலை அறுத்து உள்ளே இறங்கினால் மரம் காயப்படும்.

சரி, தூக்கம் எதில் நன்றாக வரும்? எனக்கு ஹாம்மக்கில்தான். நேராகப் படுத்தால் முதுகு வாழைக்காய் போல வளையும், குறுக்கே சாய்ந்து படுத்தால் கிட்டத்தட்ட சமமாகிவிடும். மே மாதத்தில் அடியில் காற்று ஓடுவது சுகம். ஆனால் டிசம்பரில் ஏலகிரியில் அதே காற்று முதுகைக் குளிரவைத்து எழுப்பிவிடும், அடியில் ஒரு ஃபோம் பாய் அவசியம். இன்னொன்று, வலைக்குள்தானே இருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஒற்றைத் துணி ஹாம்மக் என்றால் கொசு அடியிலிருந்து துணி வழியாகவே கடிக்கும். இரட்டைத் துணி வாங்குங்கள்.

குழந்தையோடு போகிறவர்களுக்கு மரக் கூடாரம்தான் மேல். மூவரும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கலாம், தேள், பூரான் பயமில்லை, கீழே ஈரமோ வேரோ கல்லோ எது இருந்தாலும் கவலையில்லை. ஒருவர் புரண்டால் மற்றவர்களும் ஆடுவார்கள் என்பது மட்டும் உண்டு. விலை ஹாம்மக்கைப் போலப் பல மடங்கு, பைக்கில் கொண்டுபோவதும் சிரமம். கார் உள்ளவர்களுக்கும் நல்ல தோப்பு தெரிந்தவர்களுக்கும் மட்டும் சொல்வேன்.

மழையில் இரண்டுக்கும் ஒரே வைத்தியம். பட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வழிந்து வரும். கூடாரத்துக்கு ஒரு சாண் முன்னால் பட்டையில் ஒரு துணித்துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் அங்கேயே சொட்டிவிடும். நைலான் நனைந்தால் நீளும், அதனால் நடுராத்திரியில் படுக்கை தாழும். பாலியஸ்டர் பட்டை அவ்வளவு நீளாது.

தரை டென்டைக் குறைத்துச் சொல்லவில்லை. மரமில்லாத இடத்துக்கும் மொட்டை மாடிக்கும் அதுதான். மாடியில் ஹாம்மக் கட்ட ஆசைப்பட்டு, கைப்பிடிச் சுவரிலோ தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் செங்கல் தூணிலோ கட்டிவிடாதீர்கள். மேலே சொன்ன பக்கவாட்டு இழுவையை அந்தச் சுவர் தாங்காது, ஆள் மேலேயே சரியும். இதை எங்கள் தெருப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ராட்செட்டில் பழக இரண்டு விஷயம். முதலில் பட்டையைக் கையால் முடிந்தவரை இழுத்துவிட்டு, அப்புறம் கைப்பிடியை அசைத்து இறுக்குங்கள். தளர்வாகவே சுற்ற ஆரம்பித்தால் உருளையில் பட்டை திணிந்து சிக்கிக்கொள்ளும். அவிழ்க்கும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. விரல்களை ஒதுக்கிவைத்து, கொக்கியை இழுத்துப் பிடித்து, கைப்பிடியை முழுக்க மல்லாக்கத் திறந்தால் படாரென்று விட்டுவிடும். அதன் பிறகு ஒவ்வொரு பட்டையையும் பெரியப்பா படகுக் கயிறைப் பார்ப்பது போல விரலால் தடவிப் பாருங்கள். மரத்தில் உரசிய இடத்தில் நூல் பிரிந்திருந்தால் அடுத்த முறை அந்தப் பட்டையை எடுத்துப் போகாதீர்கள்.