டிரக்குக்கு மாற்று சைலன்சர்: நெடுநாள் ஓட்டிப் பார்த்தபின்

சைலன்சர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வண்டிக்குப் பின்னால் நின்று, யாரையாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். வேண்டாம். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கேளுங்கள். பல ஆண்டுகளாக ஒரே மாற்று சைலன்சருடன் ஓட்டிவருகிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என்னுடையது 8 சிலிண்டர் பெட்ரோல் பிக்கப். வண்டியோடு வந்த சைலன்சர் மடிப்பில் துருவேறி ஓட்டை விழுந்துவிட்டது. எப்படியும் மாற்ற வேண்டும் என்றானபின், எஞ்சினின் குரல் இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

கிடைப்பவற்றில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, தடுப்புத் தகடுகளால் அறை அறையாகப் பிரித்தது. ஃப்ளோமாஸ்டர் என்ற நிறுவனம் இதற்குப் பேர்போனது. ஒலி அலைகள் அறைச் சுவர்களில் மோதித் திரும்பி ஒன்றையொன்று தணிக்கும். மிதித்தால் முரட்டு உறுமல். மற்றது நேர்குழாய் வகை. துளையிட்ட குழாய் ஒன்று நேராக ஊடுருவிச் செல்லும். அதைச் சுற்றிக் கண்ணாடி இழையோ எஃகு இழையோ பொதிந்திருக்கும். கீச்சென்ற ஒலிகளை இழை நன்றாக விழுங்கிவிடும். தாழ்ந்த ஒலிகளிடம் அதன் ஜம்பம் அவ்வளவாகப் பலிக்காது. அதனால் குரல் மென்மையாகவும் ஆழமாகவும் வரும். நான் எடுத்தது இதைத்தான், அதுவும் வண்டிக்கு அடியில் பொருந்தக்கூடியவற்றில் மிக நீளமானதை. உள்ளே இடம் கூடக்கூட ஒலி அடங்கும். குட்டை சைலன்சர் பார்க்கக் கச்சிதம். தினசரி ஓட்டத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையான தொல்லை கேபினுக்குள் நின்று ஒலிக்கும் முழக்கம். எஞ்சின் நிமிடத்துக்கு 1800 சுற்றில் ஓடும்போது, 8 சிலிண்டரில் நொடிக்கு 120 வெடிப்புகள். அந்த 120 ஹெர்ட்ஸ் ஒலி கேபினுக்குள் புகுந்துகொண்டால் நெற்றிப்பொட்டை அழுத்துவதுபோல் இருக்கும். நீண்ட பயணத்தில் பக்கத்திலிருப்பவரிடம் பேசவே மனம் வராது. என் வண்டியிலும் அது எட்டிப்பார்த்தது. புகைக்குழாயின் பக்கவாட்டில், மறுமுனை மூடிய ஒரு கிளைக் குழாயை வெல்டிங் செய்தோம். அதன் நீளம் அந்த ஒலியின் அலைநீளத்தில் கால்பங்கு. உள்ளே போன அலை மூடிய முனையில் மோதித் திரும்பும்போது அரை அலை பின்தங்கிவிடுகிறது. எதிரே வரும் முழக்கத்தை அதுவே அடக்குகிறது. சூடான புகையில் ஒலி வேகமாகச் செல்லும் என்பதால், 120 ஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டரை ஒட்டிய நீளம் தேவை. வெளிக்காற்றுக்குக் கணக்குப் போட்டு வெட்டினால் குழாய் குட்டையாகிவிடும். சற்று நீளமாகவே விட்டு, ஓட்டிப் பார்த்துக் குறைப்பது நல்லது. முழக்கம் அடியோடு போய்விடவில்லை, ஆனால் பேச்சைக் கெடுப்பதில்லை. பாதி சிலிண்டர்களை அணைத்து ஓடும் எஞ்சின்களில் அதே சுற்றில் 60 ஹெர்ட்ஸ்தான் வரும். அதற்குக் கிளைக் குழாய் இருமடங்கு நீளம் கேட்கும், இடம் கிடைப்பதே கடினம். அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் அமைதியான சைலன்சரையே வாங்குங்கள்.

நாளாக நாளாகக் குரல் மாறும். உள்ளிருக்கும் இழை சூட்டில் நொறுங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், ஒலி கூடும். ஆகவே புதிதில் சற்று அடக்கமாகத் தோன்றுவதையே வாங்குங்கள். இழுவையிலும் எரிபொருள் செலவிலும் எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். நல்ல ஒலிக்கு அது தடையே இல்லை.

உலோகத்தைப் பொறுத்தவரை, 409 ரக ஸ்டெயின்லெஸ் மேலே பழுப்பேறினாலும் நன்றாகத் தாங்குகிறது. 304 ரகம் துருவை இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் கூடுதல். அலுமினியப் பூச்சுள்ள எஃகில் வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு போய்விடும், துரு அங்கேதான் தொடங்கும். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் சைலன்சருக்குள் நீர் தேங்கும். எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை அவ்வப்போது நீண்ட ஓட்டம் விடுவது அவசியம்.

பிற்பாடு, நின்றபடி எஞ்சின் ஓடும்போது மட்டும் 'டக் டக்' என்று ஒரு தட்டல் கேட்டது. சைலன்சர் போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தால், சேசிஸில் ஓரிடம் தேய்ந்து பளபளத்தது. குழாயைத் தாங்கும் ரப்பர் தளர்ந்து, குழாய் அங்கே உரசியிருக்கிறது. ரப்பரை மாற்றியதும் சத்தம் நின்றுவிட்டது.